பச்சைத்தண்ணிக் காப்பி

எங்கள் லயத்தில் எது கெட்டுப் போனாலும் அந்தம்மா வீட்டுக் கேட்டில் போய் நின்றால் போதும். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் "என் மிஸ்டேக்தான்" என்று சொல்லிவிடுவார்.

என் கோழி செத்தபோது நானும் போய் நின்றேன். அப்போது அவர் வீட்டில் நான் வேலைக்குச் சேரவில்லை. வெள்ளனே எழுந்து கூடையைத் தூக்கினால் இறகுதான் கிடந்தது. அந்தம்மாவிடம் ஒரு கறுப்பு நாய் உண்டு. அதுதான் என்று முடிவு கட்டிக்கொண்டு மேலே ஏறினேன். நாய் சங்கிலியில் கிடந்தது. கேட் சாத்தியிருந்தது. இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

"கோழியா? சாரிங்க. என் மிஸ்டேக்தான். கேட்டச் சரியாப் பூட்டல" என்றார்.

அன்று சாயங்காலமே ஒரு பெட்டைக்கோழியைக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். மறுநாள் அடுத்த வீட்டில் இரண்டு கோழி போனது. அதற்கடுத்த நாள் ஒன்று. நாலாம் நாள்தான் கூரை இடுக்கில் மரநாயைப் பார்த்தோம். அந்தம்மா ஒத்துக்கொண்டதால் கூரையை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கோழியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

பேத்துப்பாறைக்குக் கொஞ்சம் கீழே, காப்பித் தோட்டத்தை ஒட்டி ஒன்பது வீடு, எல்லாம் ஒரே சுவரில். என் அப்பா சிலோன் தோட்டத்தில் இருந்து வந்தவர். அங்கே லயம் என்றதை இங்கேயும் லயம் என்றார். நாங்களும் அப்படியே சொல்கிறோம். அந்தம்மா வீடு லயத்துக்கு மேலே, நூறு எட்டு இருக்கும். தகரக் கூரை போட்ட வாடகை வீடு. கொடைக்கானல் டவுனில் ஒரு போர்டிங் ஸ்கூலில் ஸ்டோர் ரூம் பார்த்தவர், ரிட்டயர் ஆகி வந்திருக்கிறார் என்றார்கள். புருஷன் இருந்தாரா, பிள்ளை இருந்ததா, நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

குள்ளமான ஆள். பழுப்பு ஸ்வெட்டர், முழங்கை இரண்டிலும் வேறு துணி வைத்துத் தைத்தது. சாக்ஸ் போட்டு அதன் மேல் ரப்பர் செருப்பு. எல்லாரையும் வாங்க, போங்க என்பார். வழியில் ஆடு படுத்திருந்தால் அதையும் "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் தாண்டுவார்.

மிஸ்டேக்கம்மா என்று பெயர் வைத்தது ஜீப் ஓட்டுகிற பாண்டி. என் வீட்டுக்கு அடுத்த வீடு. காலையில் ஜீப் ஸ்டார்ட் ஆகாவிட்டால் லயத்து ஆம்பளைகள், "ஏலே, மேல போயி மிஸ்டேக்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வா, ஸ்டார்ட் ஆயிரும்" என்பார்கள். மழை வரவில்லை என்றால் அதுவும் அந்தம்மா மிஸ்டேக். கரண்ட் போனால் அதுவும். அவர் காதிலும் விழும். சிரிப்பார்.

காப்பிப் பழம் பறித்து முடிந்து, எனக்கு வேலை இல்லாத மாசத்தில் அவரே கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் தவறி மூன்றாம் வருஷம் அது. மகளைக் கன்னிவாடியில் கட்டிக் கொடுத்துவிட்டேன். தனி ஆள். போனேன்.

வேலை காப்பி போடுவது. அடுப்பில் இல்லை. கோல்டு ப்ரூ என்றார். ஸ்கூலில் ஒரு வெளிநாட்டு டீச்சர் சொல்லிக் கொடுத்ததாம். முதலில் தனக்கு மட்டும் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்து ஹோம்ஸ்டேயில் தங்க வந்தவர்கள் குடித்துப் பார்த்துக் கேட்டார்கள். அடுத்த ஹோம்ஸ்டேயும் கேட்டது. பாட்டிலில் அடைத்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

வறுத்த கொட்டையைக் கையால் சுற்றுகிற மிஷினில் உடைக்க வேண்டும். நைசாகப் போகக் கூடாது, நொய்யரிசி அளவுக்கு இருக்க வேண்டும். பொடி ஒரு பங்கு, தண்ணி எட்டுப் பங்கு. பெரிய கண்ணாடி ஜாடியில் போட்டு மரக்கரண்டியால் ஒருதரம் அமுக்கி, மூடி, வடக்குச் சுவர் ஓரம் வைக்க வேண்டும். வெயில் படாத சுவர் அது. காலையில் போட்டால் மறுநாள் காலையில் வடிக்கலாம். வெள்ளைத் துணியில் இரண்டு தரம் வடிக்க வேண்டும். துணியைப் பிழியக் கூடாது. தானாகச் சொட்ட வேண்டும். முதல் தடவை நான் பழக்கத்தில் பிழிந்துவிட்டேன். கசப்பு இறங்கிவிடும் என்றார். உடனே, "நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும். என் மிஸ்டேக்" என்றார்.

ஒரு டம்ளர் எனக்கு ஊற்றிக் கொடுத்தார். பல் கூசியது. கடுங்காப்பி ஆறினால் நாக்கில் புளிக்கும். இது புளிக்கவில்லை. குடித்து முடித்த பிறகு கருப்பட்டி வாசம் மாதிரி ஒன்று வாயில் நின்றது. நல்லாயிருக்கு என்று சொல்ல மனசு வரவில்லை. இந்தக் குளிரில் சுடாத காப்பி.

"சுட வச்சுக் குடிக்கலாமாம்மா?" என்றேன்.

"உங்க இஷ்டம். அப்புறம் எதுக்கு ஒரு நாள் காத்திருந்தோம்?"

லயத்தில் பச்சைத்தண்ணிக் காப்பி என்றுதான் பேர். பாண்டியின் பெண்டாட்டி மலர் கடைசி வரை அதை வாயில் வைக்கவில்லை. "ஊறப் போட்டுத் திங்கிறதுக்கு அதென்ன அவலாக்கா?" என்பாள். பாண்டி குடிப்பான். பாட்டில்களை ஜீப்பில் கொண்டுபோய் ஹோம்ஸ்டேக்களில் இறக்குவது அவன்தான். தினம் ஒரு பாட்டில் அவனுக்கு.

ஒரு விஷயத்தில் மட்டும் அந்தம்மா கறாராக இருந்தார். தண்ணி. முதல் நாள் சாயங்காலமே தளதளவென்று கொதிக்க வைத்து, மூடி ஆறவிட்டு, காலையில் அந்தத் தண்ணியைத்தான் பொடியில் ஊற்ற வேண்டும். வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் இதற்கென்றே ஓர் அடுப்பும் சிலிண்டரும் வைத்திருந்தார். எனக்கு அது விளங்கவில்லை. பச்சைத்தண்ணியில் போடுகிற காப்பிக்குத் தண்ணியை எதற்குக் காய்ச்ச வேண்டும்?

"சாதாக் காப்பின்னா கொதிக்கிற தண்ணியிலதான் போடுறோம். தண்ணியில என்ன இருந்தாலும் செத்துரும். இது அடுப்பையே பாக்காது சரசு. அதுக்குத்தான்" என்றார்.

சரி என்றேன். ஓடைத் தண்ணி குடித்து வளர்ந்தவள் நான். தண்ணியில் என்ன இருக்கும் என்று கேட்கவில்லை.

கையில் பிடித்திருந்த ஜாடியை ஒருநாள் நழுவ விட்டேன். பெரிய ஜாடி. நிறைய காப்பி. தரையெல்லாம் கண்ணாடி. சத்தம் கேட்டு வந்தவர் வாசப்படியிலேயே நின்று, "ஈரத் தரையில உங்கள நடக்க விட்டது என் மிஸ்டேக்" என்றார். தரை ஈரமில்லை. இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினோம். முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போன பிறகு என்னவோ போல் இருந்தது. ஒரு வசவு வாங்கியிருந்தால் அத்தோடு போயிருக்கும்.

மறுநாள் கேட்டேன். ஏம்மா இப்படி எல்லாத்தையும் தலையில் போட்டுக்கிறீங்க என்று.

வடிதுணியைக் காயப் போட்டுக்கொண்டே சொன்னார். ஸ்கூலில் ஏதாவது உடைந்தாலோ காணாமல் போனாலோ, யார் என்று தெரிகிற வரைக்கும் பிள்ளைகளை வரிசையாக முட்டி போட வைப்பார்களாம். குளிரில், வெறும் தரையில். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தாலும் விட மாட்டார்களாம். ஒருநாள் இவர் போய் நான்தான் உடைத்தேன் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் எழுந்து சாப்பிடப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து அப்படித்தான்.

"யாராச்சும் ஒருத்தர் ஏத்துக்கிட்டா சோலி முடிஞ்சிருது சரசு. அடுத்த வேலையப் பாக்கலாம்."

நல்ல ஆள் என்று நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவரிடம் வேலை பார்த்த ஒரு வருஷத்தில் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. ஒன்று கெட்டுப் போனால் நான் வாயைத் திறப்பதில்லை. அவர் திறப்பார் என்று நிற்பேன்.

மே மாசம். கொடைக்கானல் ரோடு முழுக்க வண்டி. ஹோம்ஸ்டேயில் எல்லாம் இடமில்லை. பாட்டில் இரண்டு மடங்கு கேட்டார்கள். அந்தம்மா டவுனில் பாட்டில் வாங்க, கொட்டை வறுக்க என்று அலைந்துகொண்டிருந்தார். தண்ணியும் ஜாடியும் என் பொறுப்பு.

ஒரு சாயங்காலம் கொட்டகை அடுப்பு அணைந்துபோனது. சிலிண்டர் காலி. கேஸ் வண்டி மேலே ஏற முடியாமல் எங்கோ நின்றுகொண்டிருந்தது. கோடை மழை பெய்து விறகெல்லாம் நனைந்து கிடந்தது. வீட்டுக்குள் இருந்த ஸ்டவ் சின்னது, அத்தனை தண்ணிக்குக் காணாது. காலையில் ஜாடிகள் வரிசையாக நின்றன, தண்ணி இல்லை. லயத்துக்கு ஓடையில் இருந்து வருகிற கறுப்பு ஓஸ் பைப் அந்தம்மா வீட்டு வேலியை ஒட்டித்தான் போகிறது. அதில் ஒரு குழாய் வைத்திருந்தார், செடிக்கு ஊற்ற. திறந்தேன். தெளிவான தண்ணி. ஜில்லென்று இருந்தது. எல்லா ஜாடியிலும் ஊற்றினேன்.

அந்தம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்குப் பாட்டில் போகாது. கேஸ் வர நாலு நாள் ஆனது. நாலு நாளும் ஓஸ் தண்ணிதான். பாட்டில் போனது. நல்லாயிருக்கு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

ஒரு மாசம் போயிருக்கும். பாண்டிக்குக் காய்ச்சல். சோறு பார்த்தால் குமட்டல். பிறகு கண் மஞ்சளானது. மஞ்சக்காமாலை. அதே வாரம் ஹோம்ஸ்டேயில் வேலை பார்த்த இரண்டு பேருக்கும் வந்தது. அவர்கள் லயத்து ஆட்கள் இல்லை. மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது அந்தக் காப்பி ஒன்றுதான்.

மலர் வந்தாள். ஆறு மாசம் அப்போது. வயிற்றைப் பிடித்துக்கொண்டே மேடு ஏறி வந்தாள். நான் கொட்டகையில் துணி அலசிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, என் புருசன் கண்ணெல்லாம் மஞ்சளாக் கெடக்கு. பச்சத்தண்ணியில எதையோ ஊற வச்சு ஊத்திக் குடுத்திருக்கீங்க. டவுன்ல பெரிய ஸ்கூல்ல இருந்தவங்கதான நீங்க?"

"என் மிஸ்டேக்தான் மலர்" என்றார் அந்தம்மா.

மலருக்கு அதற்கு மேல் சண்டை போட வழி இல்லாமல் போனது. சண்டைக்கு வந்தவளிடம் ஒத்துக்கொண்டால் அவள் என்ன செய்வாள். மூச்சு வாங்கியது. அந்தம்மா நாற்காலி எடுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. இறங்கிப் போனாள். போகும்போது என்னைப் பார்த்து அழுதாள்.

நான் துணியை அலசிக்கொண்டே இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து நர்ஸம்மா வந்தார். எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ஸ்கூட்டரில் வருகிறவர். கையில் நோட்டு. என்ன பொடி, எத்தனை மணி நேரம், எதில் வடிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, தண்ணி எது என்றார்.

"கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணி. எப்பவும் அதுதான்" என்றார் அந்தம்மா.

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. நான் கீழே பார்த்தேன். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டு, "வடிதுணியச் சரியாக் காய வைக்கல. ஈரத்தோடயே மடிச்சு வச்சுட்டேன். என் மிஸ்டேக்தான்" என்றார்.

துணியைக் காயப் போடுவது நான். அது காயாமல் இருந்ததே இல்லை.

அங்கேயே சொல்லியிருக்கலாம். நாலு நாள் பச்சைத்தண்ணி ஊற்றினேன் என்று நாலு வார்த்தை. சொன்னால் மலர் முகத்தில் விழிக்க முடியாது. அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர்தான். லயத்தில் இருக்க விட மாட்டார்கள். எனக்கு வேறு வீடு கிடையாது. அதோடு, அந்தம்மாதான் ஏற்றுக்கொண்டாரே. சோலி முடிந்தது என்று நினைத்தேன்.

நர்ஸம்மா துணி என்று எழுதிக்கொண்டார். காப்பியை நிறுத்தச் சொன்னார். லயத்துக்கு வந்து, தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க என்று எல்லாரிடமும் சொன்னார். அவர் வருஷா வருஷம் சொல்வதுதான். தலையாட்டினோம். காரணம்தான் தெரிந்து போயிற்றே. துணி. அந்தம்மாவே ஒத்துக்கொண்டார்.

யார் தப்பு என்றுதான் நானும் அந்தம்மாவும் நினைத்துக்கொண்டிருந்தோம். தண்ணிக்கு என்ன ஆனது என்று இரண்டு பேரும் நினைக்கவில்லை.

அந்தம்மா இருந்த காப்பியை எல்லாம் கொட்டினார். ஜாடிகளைக் கழுவிக் கவிழ்த்தார். தினமும் கீழே இறங்கி பாண்டிக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தார். மலர் வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்துவாள். பாண்டி தேறினான். ஹோம்ஸ்டே ஆட்களும் தேறினார்கள். ஆடி பிறந்தது. காற்று.

மலருக்கு எட்டு மாசம் ஆகியிருந்தது. நெஞ்சு எரிகிறது என்று சுடுதண்ணியை விட்டுவிட்டு ஓஸ் தண்ணியைத்தான் சொம்பு சொம்பாகக் குடித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்திருக்கிறேன். மோந்து கொடுத்தும் இருக்கிறேன்.

அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது காற்றுக்கு வந்தது என்றார்கள். கண் மஞ்சளானதும் புருஷனிடம் இருந்து ஒட்டியது என்றார்கள். எனக்கு மட்டும் அந்த ஓஸ் தண்ணி ஞாபகம் வந்தது. அவள் அந்தக் காப்பியை ஒரு மடக்குக் குடித்ததில்லை.

பாண்டியே ஜீப்பில் போட்டுக் கீழே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நானும் கூடப் போனேன். மலைப்பாதை முழுக்க அவள் தலை என் மடியில் இருந்தது. பாதி வழியில் ஆள் தெரியவில்லை. என்னை அம்மா என்றாள். ஆமாம் என்றேன். ஆஸ்பத்திரியில் நிறையப் பார்த்தார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இந்தக் காமாலை வந்தால் சில பேருக்குத் தாங்காது என்று டாக்டரம்மா சொன்னார். மூன்றாம் நாள் இறந்தாள். பிள்ளையும் போய்விட்டது. ஆண் பிள்ளை.

மறுநாள் முன்பகலில் எடுத்தோம். மஞ்சு இறங்கி லயத்து வாசலே தெரியவில்லை. எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தம்மா வந்தார். பொம்பளைகள் விலகினார்கள். நேராகப் பாண்டி முன்னால் போய் நின்றார்.

வர வேண்டாம் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். என்ன சொல்வார் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

"என் மிஸ்டேக்தான் பாண்டி" என்றார்.

பாண்டி எழுந்து அறைந்தான். மூக்குக் கண்ணாடி தெறித்து விழுந்தது. அந்தம்மா அதை எடுக்கக் குனியவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. அப்படியே நின்றார். இன்னொரு அறை விழுந்தது. அதற்குப் பிறகுதான் ஆம்பளைகள் அவனைப் பிடித்தார்கள். நான் நாலு எட்டு தள்ளி நின்றுகொண்டிருந்தேன். இடுப்பில் தண்ணிக் குடம். கண்ணாடியை யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். அவர் மஞ்சுக்குள் மேடு ஏறிப் போனார்.

ஒரு வாரம் கழித்து நர்ஸம்மா மறுபடி வந்தார். கூட ஒரு ஆள். மலர் அந்தக் காப்பியைக் குடித்தாளா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார். இல்லை என்றோம். உடனே பையில் இருந்து ஒரு பாட்டிலை எடுத்து ஓஸில் தண்ணி பிடித்தார். பிறகு ஓஸைப் பிடித்துக்கொண்டே மேலே நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். ஓடைக்கு மேல் வளைவில் புதிதாக ஒரு காட்டேஜ் கட்டியிருந்தார்கள். அதன் கக்கூஸ் குழி ஒரு பக்கம் பிளந்து, ஓடைப் பக்கம் கறுப்பாகக் கசிந்துகொண்டிருந்தது. பத்தடி கீழே எங்கள் ஓஸின் வாய்.

ஒரு கிழவர் காறித் துப்பினார்.

பாட்டில் தண்ணியைச் சோதித்ததில் காமாலைக் கிருமி அதில்தான் என்று தெரிந்தது. நர்ஸம்மா அந்தம்மா வீட்டுக்கு வந்தார். கேட்டிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"ஹோம்ஸ்டே ஆளுங்க இந்த ஓஸ் தண்ணியக் குடிக்கல, காப்பியத்தான் குடிச்சாங்க. காப்பிக்கு இந்தத் தண்ணியத்தான் ஊத்தியிருக்கீங்க" என்றார்.

நான் வாசலில் நின்றேன்.

"கொதிக்க வச்சேன்னு என்கிட்ட சொன்னீங்க. அன்னைக்கே பச்சத்தண்ணின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னைக்கே நான் இந்த ஓஸப் புடிச்சு மேல போயிருப்பேன். அந்தப் பொண்ணுக்கு அப்ப ஆறு மாசம்தான்."

"என் மிஸ்டேக்" என்றார் அந்தம்மா.

"மிஸ்டேக்கா?" என்றார் நர்ஸம்மா. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்தம்மா பொய் சொன்னார், கேஸ் மிச்சம் பிடிக்கப் பச்சைத்தண்ணியை ஊற்றிவிட்டுக் கொதிக்க வைத்தேன் என்று பொய் சொன்னார், அந்தப் பொய்யில்தான் மலர் செத்தாள். இதைத்தான் பேசினார்கள். நான் அடுப்பை ஊதிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். காட்டேஜ்காரர் குழியை அடைத்தார். ஓஸை வளைவுக்கு மேலே தூக்கிப் போட்டார்கள். இப்போது எல்லா வீட்டிலும் தண்ணி கொதிக்கிறது.

அந்தம்மா அதற்குப் பிறகு ஒரு மாசம் இருந்தார். கேட்டுக்கு ஒருத்தரும் போகவில்லை. நான் போனேன். பெருக்கினேன், துணி துவைத்தேன். இரண்டு பேரும் பேசுவதில்லை. அவர் அடுப்பில் காப்பி போட்டுக் குடிக்க ஆரம்பித்திருந்தார்.

சாமான் ஏற்ற வண்டி வந்த அன்று, கொட்டகைச் சிலிண்டரை நான் உருட்டிக்கொண்டு வந்தேன். அவர் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நர்ஸ் மொத தடவை வந்துட்டுப் போன அன்னைக்கு கேஸ் பில்லப் பாத்தேன் சரசு. புக் பண்ணுன நாளுக்கும் வந்த நாளுக்கும் நடுவுல நாலு நாள் சிலிண்டர் இல்ல" என்றார்.

நான் சிலிண்டரை நிமிர்த்தி வைத்தேன்.

"உங்களக் கேட்டிருக்கணும். கேட்டா நீங்க சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

மிஸ்டேக் என்று சொல்லவில்லை. சொல்லாதது அந்த ஒரு தடவைதான். நாயை ஏற்றிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். எந்த ஊருக்கு என்று டிரைவரிடம் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் பாண்டி என்னோடு சாதாரணமாகத்தான் இருந்தான். மலர் தலையை மடியில் வைத்திருந்தவள் என்று ஒரு மரியாதை. பண்டிகைக்குச் சேலை எடுத்துக் கொடுத்தான். அதை நான் உடுத்தவில்லை. ஏன்க்கா உடுத்தல என்று கேட்டான். நல்ல நாளுக்கு வைத்திருக்கிறேன் என்றேன்.

போன பூண்டு அறுப்புக்கு மேல்மலையில் பூண்டி ஊருக்குக் கூலி வேலைக்குப் போயிருந்தேன். பாண்டி மூட்டை ஏற்ற ஜீப் கொண்டுவந்திருந்தான். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவன் மூட்டைக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்தக் காப்பித் தண்ணிய நான்தான் கொதிக்க வைக்கல பாண்டி" என்றேன்.

"எந்தத் தண்ணிக்கா?"

"அந்தம்மா கொதிக்க வைக்கத்தான் சொன்னாங்க. கேஸ் இல்லைன்னு நான்தான் ஓஸ் தண்ணிய ஊத்துனேன். அப்ப அவங்களுக்குத் தெரியாது. நர்ஸம்மா வந்து கேக்கையிலயும் நான் அங்கதான் நின்னேன். சொல்லல."

கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். அவிழ்த்தான். திரும்பப் போட்டான். வெகு நேரம் அதையே செய்தான். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றுதான் நின்றேன். அவன் கை கயிற்றை விட்டு வரவில்லை.

"நான் அவங்கள அடிக்கையில நீ எங்கக்கா நின்ன?" என்றான்.

"பக்கத்துல. நாலு எட்டுல."

"அப்பவும் தெரியும் உனக்கு."

"தெரியும்."

அவன் கையைப் பார்த்துக்கொண்டான். உள்ளங்கையில் கயிறு பதிந்து சிவந்து கிடந்தது.

"கையப் புடிச்சிருக்கலாம்லக்கா" என்றான்.

"புடிச்சிருக்கலாம்" என்றேன்.